லேனா ஆற்றில் பனி உடையும் மே மாதம்

சைபீரியாவின் லேனா ஆறு பைக்கால் ஏரிக்கு மிக அருகே பிறந்தும் அதில் சேர்வதில்லை. வடக்கே சுமார் 4,300 கி.மீ. ஓடி லாப்டேவ் கடலில் கலக்கிறது.

மே மாதம் பனி உடையும்போது இங்கே ஏன் வெள்ளம் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஆறு ஓடும் திசையைக் கவனித்தால் போதும். வசந்தத்தில் தெற்கே இருக்கும் மேல்பகுதி முதலில் உருகுகிறது. கீழே வடக்கில் பனி இன்னும் தடிமனாக, உறுதியாக இருக்கும். மேலிருந்து வரும் வெள்ளம் பனிப்பாளங்களை அடித்துவந்து வளைவுகளிலும் தீவுகளுக்கு இடையிலும் திணிக்கிறது. அது அணைபோல் நின்றுவிட, பின்னால் நீர் மளமளவென ஏறுகிறது. 2001 மே மாதம் ஆற்றங்கரையிலுள்ள லென்ஸ்க் நகரம் மூழ்கியது இப்படித்தான். அடைப்பை உடைக்க விமானத்திலிருந்து குண்டுகூட வீசினார்கள். அதைவிட முன்கூட்டியே பனியை அறுத்து வைப்பதும், வெயிலை உறிஞ்சும்படி கரும்பொடி தூவுவதும் நல்ல வழி.

கரைகளின் அடியில் நிரந்தர உறைநிலம், அதாவது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண். வெள்ளநீர் அதன் பனியை உருக்கி அரிப்பதால் கரைகள் துண்டுதுண்டாகச் சரிகின்றன.

யாகுத்ஸ்க் நகரம் அருகே குளிர்காலத்தில் உறைந்த ஆறே சாலை. உறையும், உருகும் வாரங்களில் வண்டியும் இல்லை, படகும் இல்லை. கடைசியில் விரியும் கழிமுகம் சுமார் 30,000 சதுர கி.மீ. கோடை சில வாரங்களே. அதற்குள் அன்னங்களும் வாத்துகளும் முட்டையிட்டு, குஞ்சுகளைப் பறக்கப் பழக்கிவிட வேண்டும்.