ஜவுளி ஊரில் கயாக்குக்குத் துணி தேடிய கதை

மரச்சட்டம் கட்டி மேலே துணி போர்த்தும் கயாக் (கால் நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) செய்ய ஆசைப்படுபவர்கள், துணியைக் கையில் வாங்கி வைத்துவிட்டு அப்புறம் மரத்தைத் தொடுங்கள். ஈரோட்டிலேயே நான் பட்ட பாடு அப்படி.

தேவை என்னவோ சாதாரணமானதுதான். கனமான, பூச்சில்லாத பாலியஸ்டர். இஸ்திரிப்பெட்டி வைத்தால் சுருங்கிச் சட்டத்தோடு இறுக வேண்டும். தண்ணீர் புகாமல் இருக்க அதன்மேல் பெயின்ட் அடிப்போம். ஒரு கடைக்காரர் “பக்கா பாலியஸ்டருங்க, தண்ணியே ஒட்டாதுங்க” என்று ரோலை இறக்கினார். தண்ணீர் ஒட்டாத துணியில் பெயின்டும் ஒட்டாது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொரு கடையில் பாலியஸ்டர் என்று தந்த துணியின் ஓரத்தை வீட்டில் கொளுத்தினேன். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது. பெரும்பாலும் பருத்தி! திருப்பிக் கொண்டுபோனால், வெட்டிய துணி வாபஸ் இல்லை என்று பில்லின் அடியைக் காட்டுகிறார்கள்.

ஆகவே சாம்பிள் துண்டு வாங்காமல் விலை பேசாதீர்கள். ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் வேண்டாம். கொளுத்தினால் உருகிக் கெட்டி உருண்டையாக வேண்டும். ஒரு சாண் கோடு போட்டு இஸ்திரி வையுங்கள். கோடு குறையவில்லை என்றால் ஏற்கெனவே சூடு காட்டிய துணி, இனிச் சுருங்காது. நைலானும் ஆகும், ஆனால் ஈரத்தில் தொய்யும். கடைசியில் பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிக்காரரிடம், சாயத்துக்குப் போகாத, அதனால் சூடு படாத பாலியஸ்டர் கிடைத்தது.

அளவுக்கு வருவோம். இந்த வகைக் கயாக்கைக் காலங்காலமாகச் செய்துவந்த கிரீன்லாந்துப் பூர்வகுடிகளான இன்யூட் மக்களுக்கு உடம்புதான் அளவுகோல்: நீளம் விரித்த கைகளைப் போல மூன்று மடங்கு, அகலம் இடுப்போடு இரண்டு கைமுட்டி. அது வேட்டைக்காரர் படகு, புதிதாக ஏறுபவரை ஆட்டி எடுத்துவிடும். நான் 58 சென்டிமீட்டர் அகலம் வைத்தேன். உயரத்தைப் பாதம்தான் முடிவு செய்கிறது. வரைபடத்தில் இருந்த உயரத்துக்கு என் பாதம் நிமிரவே இல்லை. செங்கல் மேல் இரண்டு ரீப்பர் வைத்து, நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்த பிறகே குறுக்குச் சட்டங்களை அறுத்தேன். “ஏங்கண்ணு, ஒக்கார வேற எடமே இல்லையா?” என்றார் அம்மா.

விலாக்களுக்குப் பச்சை மூங்கில் பிளாச்சு, பவானிப் பரிசல்காரர் ஒருவரின் யோசனை. பரிசலும் மூங்கில் கூட்டுக்குப் போர்வை போட்டதுதானே. எல்லாவற்றையும் கயிற்றால்தான் கட்டினேன். ஆசாரிதான் விடவில்லை, “ஆணி அடிச்சா அரை நாள் வேலைங்க” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஆணி மெல்லிய சட்டத்தைப் பிளக்கும். அலை அசைக்க அசைக்கக் கழன்றும் வரும். கயிற்றுக்கட்டு அந்த அசைவுக்கு இடம்கொடுக்கும். கட்டுவது விரல் தேயும் வேலை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடித்ததைச் சொல்ல ஒன்றுமில்லை, காய்ந்தது.

இந்த வகைக் கயாக்கில் தண்ணீர் பரவாமல் தடுக்கும் தடுப்பறை கிடையாது. கவிழ்ந்தால் முழுக்கத் தண்ணீர் ஏறும். முன்னும் பின்னும் காற்றுப் பை வைக்காமல் குளத்தில்கூட இறக்காதீர்கள். பையைச் சட்டத்தோடு கட்டியும் வையுங்கள், இல்லாவிட்டால் கவிழும்போது பை மட்டும் தனியாக மிதந்து போகும்.