குடிக்காதவனுக்கும் லிவரில் கொழுப்பு

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு ஷிஃப்ட் வேலை. வருடாந்திர மெடிக்கல் செக்கப்பில் வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’, அதாவது கல்லீரலில் கொழுப்பு. ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்ஸைம் 78. சூப்பர்வைசர் முதல் மாமனார் வரை எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “தண்ணி அடிப்பீங்களா?” நான் பீர்கூடத் தொட்டதில்லை. அப்புறம் ஒரு ஆறுதல்: “ஆள் ஒல்லியாத்தானே இருக்கீங்க, ஒண்ணும் ஆகாது.” இந்த ஆறுதல்தான் ஆபத்து என்று பிறகு புரிந்தது.

முதலில் போன கிளினிக்கில் லிவர் டானிக்கும் ஏதோ கேப்ஸ்யூலும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எடைகூடப் பார்க்கவில்லை. நர்ஸாக இருக்கும் அண்ணி சொல்லித்தான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லீரல் டாக்டரிடம் போனேன்.

அவர் முதலில் எடுத்தது இன்ச் டேப். தொப்புள் பக்கமாகச் சுற்றினார்: 97 சென்டிமீட்டர். நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். எடை 71 கிலோ, உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. 25-ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது. மேல்நாட்டுக் கணக்கில் அது லேசான கூடுதல் எடை. நமக்கு அதுவே பருமன். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்ற உடம்புவாகு நம்மிடம் சகஜம். மேற்கு வங்காளக் கிராமங்களில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஃபேட்டி லிவர் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு பி.எம்.ஐ. 25-க்குக் கீழே.

அப்புறம் தினசரி வாழ்க்கையைக் கேட்டார். அப்பாவும் மூன்று வேளை சோறு சாப்பிட்டவர்தான். ஆனால் ஏரிப்பாசன வயலில் நாள் முழுக்கச் சேற்றில் நின்றார். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார்த் தொழிற்சாலை ஓடத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கம் வயலெல்லாம் மெல்ல மெல்ல குடோனும் பிளாட்டும் ஆகிவிட்டது. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. சோறு மட்டும் குறையவில்லை. கான்டீனில் அதற்கு அளவே கிடையாது. நைட் ஷிஃப்டில் பிரேக்குக்கு பிரேக் சர்க்கரை டீ, பிஸ்கட். ஷிஃப்ட் முடிந்தால் பரோட்டா. பகலில் அரைத் தூக்கம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 240, மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1, அப்பாவுக்கு சுகர். இதெல்லாம் கொத்தாகத்தான் வரும் என்றார் டாக்டர்.

ஸ்கேனில் வரும் கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்லும். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு, கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போய், மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு அடியில் வைக்க வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவி ஒரு கருவியை வைக்கிறார்கள். விரலால் சுண்டுவதுபோல ‘டொக், டொக்’ என்று பத்துத் தட்டு, அவ்வளவுதான். வலியில்லை. எனக்கு 5.8 கிலோபாஸ்கல், தழும்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் டானிக்கை நிறுத்தச் சொன்னார். அம்மா அரைத்துக்கொடுத்த கீழாநெல்லியையும் நிறுத்தியதில் அம்மாவுக்கு வருத்தம். ஐந்து கிலோ குறைக்க வேண்டும், அதாவது எடையில் 7 சதவீதம். சர்க்கரையில்லாத டீ சீக்கிரமே பழகிவிட்டது. பாதிச் சோறுதான் பெரும்பாடு. “போதும்ணா” என்று கையால் மறைத்தாலும் கான்டீனில் இன்னொரு கரண்டி விழும். முதலில் சுண்டல், பொரியல், முட்டை என்று தட்டை நிரப்பிக்கொண்டு போனால்தான் தப்பிக்க முடிந்தது. ஷிஃப்டுக்கு முன் வேக நடை.

ஏறக்குறைய அரை வருடத்தில் 66 கிலோ, எஸ்.ஜி.பி.டி. 36. இடுப்பு இன்னும் 91-இல் நிற்கிறது.

ஃபைப்ரோஸ்கேனுக்கு முன்பே டாக்டர் ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போட்டார். வயது, எஸ்.ஜி.பி.டி., அதேபோன்ற இன்னொரு என்ஸைமான எஸ்.ஜி.ஓ.டி., ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை இருந்தால் போதும். 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. சுகரோ தொப்பையோ இருப்பவர்கள் கையிலிருக்கும் ரத்த ரிப்போர்ட்டைக் காட்டி டாக்டரிடம் இதைப் போடச் சொல்லலாம். தனிச் செலவு கிடையாது.