கையால் கட்டிய ஸ்டீல் சைக்கிள் பிரேம் திருகோணமலைக்கு வந்து சேர்ந்த கணக்கு

கொட்டேஷனில் கடைசிக்கு முந்தின வரி: பிரேம் பிரெப், 35 பவுண். வேண்டாம் என்று கோடு போட்டு அனுப்பினேன். ஆறரை இலட்சத்துக்கு மேல் போகிற அலுவலில் பதினாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷம். அந்தக் கோடு என்ன செய்தது என்று பிறகு வருகிறேன். அதைவிடப் பெரிய அடி இன்வொய்சில் விழுந்தது.

முதலில் பில். கட்டியவர் இங்கிலாந்தில், தனி ஆள் பட்டறை. பிரேமும் போர்க்கும் 1,350 ஸ்ரேலிங் பவுண்: டிக் வெல்டிங் (குழாயை நேரே குழாயோடு உருக்கி ஒட்டுவது), ரெனால்ட்ஸ் 725 குழாய், ஒரே நிறப் பவுடர் கோட். கரியரும் மட்காட்டும் பூட்டுகிற துளைகளுக்கு 40. மூன்றாவது போத்தல் பூட்ட 20. ஹெட்செட்டும் (போர்க் திரும்புகிற பெயாரிங்) அதை அங்கேயே அழுத்திப் பூட்டிய கூலியும் 60. பெட்டி, பொதி 45. விமானச் செலவு காப்புறுதியோடு 185. கூட்டினால் 1,700. நான் கட்டிய நேரம் வங்கியில் ஒரு பவுண் ஏறக்குறைய 400 ரூபாய், ஆக 680,000. சில்லு, செயின், பிறேக், ஹாண்டில், சீற் ஒன்றும் இதற்குள் இல்லை. வெறும் எலும்புக்கூடு.

"இரும்புக் குழாய்க்கு இவ்வளவா?" என்று கேட்காத ஆள் இல்லை. குழாய்க்கு இல்லை. இப்படி ஒரு பிரேமில் குழாய், டிராப்அவுட் (சில்லு அச்சு இருக்கிற பிளவுத் தகடு) எல்லாம் சேர்ந்தும் சின்னப் பங்குதான். மிச்சம் நேரம். குழாய் நுனியை மற்றக் குழாயின் வளைவுக்குச் சரியாகப் பொருந்த அராவுவது, ஜிக் என்ற சட்டத்தில் அளவாகப் பிடித்துப் பொட்டு வைப்பது, ஒட்டுவது, நேர் பார்ப்பது, திரும்ப நேராக்குவது, மெருகு. ஒரு பிரேமுக்கு 30, 40 மணித்தியாலம் என்பது சாதாரணம். அதனால் விலையைக் குறைக்க வேண்டும் என்றால் நேரத்தைத்தான் குறைக்க வேண்டும். லக் வைத்துப் பித்தளை அல்லது வெள்ளி ஒட்டுப் போட்டால் அழகு. லக் என்றால் எங்கள் பழைய றலி சைக்கிளில் குழாய்கள் சந்திக்கிற இடத்தில் இருக்கிற அந்த உறை. ஆனால் ஒவ்வொரு லக்கின் விளிம்பையும் அராவிக் கூராக்கிற கூலியை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் டிக் வெல்டிங்கும் அதே பலம்தான். நான் டிக் எடுத்தேன், ஒரு நாளும் மனம் கோணவில்லை.

குழாயின் பெயருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ரெனால்ட்ஸ் 525 என்றாலும் 725 என்றாலும் 853 என்றாலும் உருக்கின் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், பாரமும் அப்படியே. வித்தியாசம் பலத்தில். பலம் கூடினால் சுவரை மெல்லிதாக்கலாம், அவ்வளவுதான். சைக்கிள் துள்ளுதா, மிதிக்கும்போது நெளியுதா என்பதைத் தீர்மானிப்பது குழாயின் விட்டமும் சுவர்த் தடிப்பும். மேல்குழாய் 28.6 மில்லிமீற்றர், கீழ்க்குழாய் 31.8 என்று வைத்தோம். நுனி 0.8, நடு 0.5 என்ற குழாயா, நுனி 0.9, நடு 0.6 என்ற குழாயா என்று அவர் கேட்டார். இரண்டு பக்கமும் பை கட்டிக் குச்சவெளி, புல்மோட்டை என்று போகிற சைக்கிளுக்கு இரண்டாவதுதான். அந்த இரண்டு குழாயிலும் சேர்த்து வித்தியாசம் நூறு கிராமும் வராது. ஒரு போத்தல் தண்ணீரில் கால்வாசிகூட இல்லை. நடுச்சுவர் 0.5 என்றால் சைக்கிள் சரிந்து கல்லில் பட்டாலே பள்ளம் விழும்.

அளவு எடுப்பதில் எல்லாரும் பிழை விடுகிற இடம் ஒன்று உண்டு. சீற் உயரம் கேட்டால் பெடலில் இருந்து அளக்கிறோம். பி.பி. (பெடல் கிராங்க் சுற்றுகிற அச்சு) நடுவில் இருந்து, சீற் குழாய் வழியே, சீற்றின் மேல் வரை அளந்து கொடுக்க வேண்டும். கிராங்க், அதாவது பெடல் பூட்டுகிற கை, 170 மில்லிமீற்றர் என்றால் பெடலில் இருந்து அளப்பது 17 சென்றிமீற்றர் பிழை. கால் உள்ளளவுக்குச் செருப்பைக் கழற்றி, சுவரில் முதுகு வைத்து, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில் சீற்றில் இருப்பது போல நன்றாக அழுத்தி, மூன்று தரம் அளந்து நடு எண்ணைக் கொடுங்கள். இப்போது ஓடுகிற சைக்கிளின் சீற் மூக்கில் இருந்து ஹாண்டில் நடு வரையான தூரமும், ஹாண்டில் சீற்றைவிட எவ்வளவு பதிவு என்பதும் உடம்பளவைவிடப் பெறுமதி. எது வசதி, எது நோ என்று எழுதி அனுப்புங்கள். "கழுத்து பிடிக்கிறது" என்ற ஒரு வரியில் எனக்கு மேல்குழாய் 10 மில்லிமீற்றர் குறைந்தது.

சில்லு அளவு வெளிநாட்டுக்காரர் விருப்பத்துக்கு விடக்கூடாது. அவர் 700சி என்ற பெரிய சில்லு சொன்னார், நான் 26 அங்குலம், 559 (றிம்மில் ரயர் இருக்கிற விட்டம், மில்லிமீற்றரில்) என்று பிடிவாதமாக நின்றேன். மவுண்டன் சைக்கிள் ரயர் எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், கிண்ணியாவில் வெடித்தாலும் மூதூரில் வெடித்தாலும் அலுவல் முடியும். 26 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். 26 × 1.75 ரயர் இருக்கிற றிம் 559, 26 × 1⅜ ரயர் இருக்கிற றிம் 590. ஒன்று மற்றதில் ஏறாது. பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ என்பது 635. ரயர் ஓரத்தில் மூன்று இலக்கமாக இருக்கிற எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

வரைபடம் வந்ததும் ஓம் சொல்லிவிடாதீர்கள். என்னுடையதில் பின் டிராப்அவுட் அகலம் 130 என்று இருந்தது. நான் கொழும்பில் வாங்கி வைத்திருந்த பின் சில்லு 135. உருக்குப் பிரேமை ஐந்து மில்லிமீற்றர் விரிக்கலாம்தான், ஆனால் புதுசாக ஆறு இலட்சத்துக்கு வாங்கி விரிப்பதற்கு என்ன விதி? ஒரு மின்னஞ்சலில் திருத்தினார். முன் ரயருக்கும் பெடலில் வைத்த கால் நுனிக்கும் இடைவெளி, பின் பைக்கும் குதிக்காலுக்கும் இடைவெளி, மட்காட்டோடு ரயருக்கு எவ்வளவு இடம், இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பைகள் போடுவதென்றால் செயின் ஸ்ரே (பி.பி.யில் இருந்து பின் சில்லு அச்சுக்குப் போகிற குழாய்) 445 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வையுங்கள்.

முற்பணம் 500 கட்டி, முறை வருவதற்கு 14 மாதம். கட்டி முடிக்கக் கிழமைகள்தான் எடுத்தது.

இனிப் பேப்பர். இறக்கும் பிரேமுக்கு வரி கணக்கிடுவது பொருளின் விலை, காப்புறுதி, விமானச் செலவு மூன்றும் சேர்ந்த தொகையில். வற் 18%. 680,000 க்கு 18% என்றாலே 122,400. ஆனால் வற் போடுவதற்கு முன் மற்ற வரிகளும் அந்தத் தொகையில் ஏறிவிடும், ஆகவே உண்மையில் இதைவிடக் கூட. கொட்டேஷன் கையில் இருக்கும்போதே ஒரு வார்ப் கிளார்க்கிடம் (சுங்க அலுவல் பார்க்கிறவர்) கொடுத்து, அன்றைய வீதத்தில் முழுக்கணக்குப் போடச் சொல்லுங்கள். வீதம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் சிநேகிதன் கட்டினதை வைத்துக் கணக்குப் பார்ப்பது வீண்.

என் பெட்டி கொழும்பில் இறங்கினது ஒரு புதன்கிழமை. இரவு ரெயிலில் போய், காலையில் கவுண்டரில் நின்றேன். இன்வொய்சில் இரண்டு பிழை. ஒன்று, பொருள் என்று எழுதியிருந்தது "கஸ்டம் பைசிக்கிள்". சைக்கிளுக்குச் சுங்கத் தலைப்பு 87.12, பிரேமும் போர்க்கும் 8714.91. இரண்டும் வேறு வேறு. பெட்டியைத் திறந்து காட்டினேன், சில்லும் இல்லை, செயினும் இல்லை. "பேப்பரில் என்ன இருக்கோ அதைத்தான் நாங்கள் பார்ப்பம்" என்றார் அந்த அலுவலர். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. இரண்டாவது, தொகை இருந்த இடத்தில் "மிகுதி 1,200" என்று மட்டும் போட்டிருந்தார் கட்டியவர். 14 மாதத்துக்கு முன் கட்டிய 500 ஐப் பற்றி ஒரு சொல் இல்லை. வங்கிக் கணக்கோ வேறு கதை சொல்லுது. விலையைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று நினைக்க இது காணும். முழு விலையோடு புது இன்வொய்ஸ், இரண்டு தவணைக்கும் வங்கியின் ஸ்விஃப்ட் கொப்பி (வெளிநாட்டுக்குக் காசு அனுப்பிய பற்றுச்சீட்டு), பிறகு வாங்கோ என்றார்கள். முதல் தவணைக் கொப்பி வீட்டில், திருகோணமலையில், ஒரு பைலுக்குள்.

இங்கே பின்னேரம் இரண்டு மணி என்றால் அங்கே கோடையில் காலை ஒன்பதரை. வியாழன் பின்னேரம் எழுதினேன், அவர் பட்டறையில் புகைக்குள் நிற்கிற மனிதர், வெள்ளி இரவு பார்த்தார். நடுவில் சனி, ஞாயிறு. பெட்டி கிடக்கிற நாளுக்கு ஏறுகிற டெமரேஜ் கட்டணம் லீவு பார்ப்பதில்லை. இரண்டாம் தரம் போனபோது அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

ஆகவே பெட்டி அங்கிருந்து வெளிக்கிட முன்பே இன்வொய்சின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "ஸ்டீல் சைக்கிள் பிரேமும் போர்க்கும், சில்லு, பாகங்கள் இல்லாமல்" என்று இருக்க வேண்டும். முழு விலை ஒரு வரி, விமானச் செலவு ஒரு வரி, காப்புறுதி ஒரு வரி, முற்பணம் கட்டிய திகதியும் தொகையும் ஒரு வரி. அதே பிரதி ஒன்று பெட்டியின் வெளியில், ஒன்று உள்ளே. ஸ்விஃப்ட் கொப்பியைக் காசு கட்டின அன்றே எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி ரெயில் பார்சலில் வந்தது, ஒரு கீறல் இல்லை. முன் போர்க்கிலும் பின் டிராப்அவுட்டிலும் பொய் அச்சுப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தேன், அதுதான் காப்பாற்றினது. பூட்ட முன் நேர் பாருங்கள். நூல் ஒன்றைப் பின் டிராப்அவுட் ஒன்றில் கட்டி, போர்க் நுழைகிற ஹெட் குழாயைச் சுற்றிக்கொண்டு மற்ற டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாயின் இரண்டு பக்கமும் நூலுக்கு உள்ள இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு மில்லிமீற்றருக்குள்.

பிறகுதான் அந்த 35 பவுண். அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பி.பி. பூட்ட வைத்தோம். பி.பி.யைப் பிடிக்கிற மரை வளையம், கப், இரண்டு சுற்றுப் போய் நின்றுவிட்டது. "தம்பி, நீளச் சாவி போட்டு ஒரு இழுவை இழுக்கட்டோ?" என்று கேட்டார் கடைக்காரர். "அண்ணே, கை வையாதீங்க" என்று தடுத்தேன். டோர்ச் அடித்துப் பார்த்தால் மரைக்குள் பவுடர் கோட் தடிப்பாகக் கிடக்கு. பவுடர் கோட் சூளையில் உருகிப் படிவது, சாதாரணப் பெயின்ற் போலச் சுரண்டினால் வராது. பிரேம் பிரெப் என்பது இதுதான்: பெயின்ற் முடிந்த பிறகு மரையைத் திரும்ப வெட்டித் துப்புரவாக்கி, இரண்டு முகத்தையும் சமப்படுத்துவது. அதற்கான டப், மரை வெட்டுகிற கருவி, எங்கள் ஊரில் நான் கேட்ட கடை ஒன்றிலும் இல்லை.

கடைக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். உடைந்த பிரேம் ஒன்றில் இருந்து இரண்டு பழைய உருக்குக் கப் களட்டினார், அதே 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. வைசில் பிடித்து மரைக்குக் குறுக்கே முக்கோண அரத்தால் நாலு வெட்டு. அதுவே டப். எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு, ஒவ்வொரு தரமும் துணியால் துடைப்பு. செயின் பக்கம் இடது மரை, இடஞ்சுழியாகத்தான் இறுகும், அதை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே செய்தோம். ஒரு பின்னேரமும் மறுநாள் காலையும் போனது. தூள் முழுக்கக் கறுப்பாக வந்தது, வெள்ளியாக வந்தால் உருக்கை வெட்டுகிறீர்கள், உடனே நிற்பாட்டுங்கள். கடைசியில் புதுக் கப் கை விரலாலேயே முழுக்கப் போனது. கூலி கேட்டேன், ஆயிரம் என்றார். இரண்டாயிரம் கொடுத்தேன்.

முகம் சமப்படுத்துவது மட்டும் இப்படி முடியாது. உள்ளே பெயாரிங் மூடிய காட்றிஜ் பி.பி. என்றபடியால் பரவாயில்லை. வெளிக் கப் உள்ள வகை என்றால் முகம் சரியில்லாவிட்டால் பெயாரிங் கெதியாகப் போய்விடும்.

இவ்வளவுக்கும் பெறுமதி உண்டா? கடையில் நிற்கிற அளவு உங்களுக்குச் சரி என்றால் இல்லை, தொழிற்சாலை உருக்குப் பிரேம் ஒன்று இதில் சிறு பங்கு விலைக்கு அதே வேலை செய்யும். விற்கிற எண்ணத்தோடும் வாங்காதீர்கள், உங்கள் கால் நீளத்துக்குக் கட்டியதை வாங்க உங்கள் கால் நீளத்தில் ஒருவர் வேண்டும். கால் நீளம், உடல் கட்டை, அல்லது கழுத்து, முதுகு நோ என்று எந்த அளவிலும் இருக்க முடியாதவருக்குத்தான் இந்தக் காசு நியாயம். திருத்த முடியும் என்பதும் உண்மைதான். வளைந்த டிராப்அவுட்டை நிமிர்த்தலாம், குழாயையே மாற்றலாம். ஆனால் நடுவில் 0.6 உள்ள குழாயில் கேற் ஒட்டுகிற கடையில் ஆர்க் வெல்டிங் அடிக்க விட்டால் ஓட்டைதான் மிஞ்சும். காஸில் பித்தளை ஒட்டுப் போடத் தெரிந்த கை வேண்டும்.

கடைசியாக உப்பு. நிலாவெளி உப்பளப் பக்கம் ஒரு பின்னேரம் ஓடினாலே போல்ற் தலையில் வெள்ளைப் பொடி படிகிற ஊர் இது. உருக்கு வெளியில் இருந்து துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், உள்ளே இருந்து பிடிப்பதுதான் பயம். பி.பி. பூட்ட முன், எல்லாக் குழாயும் திறந்திருக்கும்போது, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டு, பிரேமைச் சுழற்றிச் சுழற்றிப் பூசி, இரண்டு நாள் தலைகீழாக வடிய விடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். பி.பி. கூட்டின் அடியில் வடிகால் துளை ஒன்று வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அடைக்க வேண்டாம். சீற் குழாய்க்குள் போவது 27.2 அலுமினியப் போஸ்ட். உருக்கும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டால் பிறகு வாளால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கிறீஸ் போட்டு இறக்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் முழுதாக வெளியே இழுத்துத் துடைத்துத் திரும்பக் கிறீஸ் போடுங்கள். இழுக்க முன் உயரத்தைக் குறிக்க ஒரு ரேப் ஒட்ட மறக்க வேண்டாம்.