மொய் நோட்டும் கடல் பசுவும்

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்துப் பத்திரிகை வராத வீடு கிடையாது. பந்தலில் ஆட்டுக்கறிச் சோறு. வாசலில் வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒருவர் நோட்டு எழுத, ஒருவர் பணம் எண்ண. ஒரே பகலில் லட்சக்கணக்கில் சேரும். அத்தனையும் கடன்தான். செய்தவர் விருந்து வைக்கும்போது, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். மறந்தவன் பெயர் ஊரில் கெட்டுப்போகும்.

இப்படி நிதி திரட்டத் தெரிந்த மண்ணில் பிறந்தவன் நான். சென்னையில் பதினோரு வருடம் வங்கி வேலை பார்த்துவிட்டு, பாக் விரிகுடாக் கரையில் ஒரு சின்னப் பாதுகாப்பு அமைப்புக்கு நிதிப் பொறுப்பாளராக வந்தேன். முதல் மாதத்திலேயே சிக்கல் புரிந்துவிட்டது. இலை போட்டுப் பரிமாற என்னிடம் ஒன்றும் இல்லை.

நாங்கள் காப்பாற்ற நினைப்பது ஆவுளியாவை. புத்தகத்தில் கடல் பசு. ஒரு நாளைக்கு 40 கிலோ வரை கடற்புல் தின்னும் பிராணி. ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்த ஈற்றுக்குப் பல வருடம். மூச்சு விட மூக்கு நுனியை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே போய்விடும். எங்கள் படகுக்காரர்களிலேயே உயிரோடு பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை அரசு கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தபோது தொலைபேசி ஓயாமல் அடித்தது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எந்த சீசன்ல வந்தா பார்க்கலாம்?"

ஒரு நிறுவனத்திலிருந்து நான்கு பேர் மல்லிப்பட்டினம் வரை வந்தே விட்டார்கள். படகில் மூன்று மணி நேரம். பார்த்தது பழுப்பு நிறத்தில் மிதந்த கடற்புல் மட்டும். திரும்பும்போது கரையோரப் பழைய கோபுரமான மனோராவைக் காட்டினேன், அதில்தான் கொஞ்சம் சமாதானம் ஆனார்கள். பணம் வரவில்லை.

பெரிய பணம் என்றால் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி: கம்பெனி இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை. அது கட்டாயம் இல்லை என்று அமைச்சகமே விளக்கம் தந்திருந்தாலும், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அதிராம்பட்டினத்திலிருந்து கட்டுமாவடி வரைக்கும் எந்தப் பெரிய ஆலை இருக்கிறது? ஆலை இல்லாததால்தான் புல் தப்பித்தது. ஆலை இல்லாததால்தான் புல்லுக்குப் பணமும் இல்லை. ஆலைகள் நிறைந்த ஒரகடத்துப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு போய்க்கொண்டிருந்தது, நான் எழும்பூரிலிருந்து வெறுங்கையோடு ரயில் ஏறிக்கொண்டிருந்தேன்.

சம்பளத்துக்கு யாரும் தர மாட்டார்கள். "அட்மின் 5 பர்சென்ட்டுக்கு மேல சட்டம் ஒத்துக்காது சார்" என்பார்கள். அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கானது. களத்தில் புல்லை அளக்கும் பெண்ணின் சம்பளத்துக்கு அல்ல. விதியை அச்செடுத்துப் பையிலேயே வைத்திருந்தேன். நீட்டினால் சிரித்துக்கொண்டே வாங்கி மேசையில் கவிழ்த்து வைப்பார்கள்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மார்ச் இரண்டாவது வாரம். ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு. ஆண்டுக் கணக்கு முடிய மூன்று வாரம் இருக்கிறது, பணம் மிச்சம் இருக்கிறது. "மாங்குரோவ் நடுவீங்களா? பத்தாயிரம் கன்று. போட்டோ, ஜிபிஎஸ் வேணும்." எங்கள் ஆட்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. சரி என்றேன். சொல்லிவிட்டுத்தான் களப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், மாங்குரோவ் எனப்படும் அலையாத்திக் காட்டில் வாய்க்கால் வெட்டிக் காய்ப்பு ஏறிய கை.

"எங்க நடப் போறோம் தம்பி?"

இடத்தைச் சொன்னேன். ரோட்டிலிருந்து பக்கம், பலகை வைத்தால் தெரியும்.

"அது நண்டு பொறுக்குற சேறு. மரம் வர்ற எடமா இருந்தா அதுவே வந்திருக்குமே. அதுவும் பங்குனி வெயில்ல."

"ஒரு தடவை மட்டும்ணே."

அவர் மேற்கொண்டு பேசவில்லை. ஆட்களைத் திரட்டி நட்டும் கொடுத்தார். அலையாத்தியை மீட்பது என்றால் பெரும்பாலும் கன்று நடுவதே இல்லை. உப்பு ஏறித் தேங்கிக் கிடக்கும் நிலத்துக்கு ஓதத் தண்ணீர் போய்வர மீன் முள் போல வாய்க்கால் வெட்ட வேண்டும். முத்துப்பேட்டையில் அப்படித்தான் செய்தார்கள். தண்ணீர் ஓடினால் மீதியைக் காடே பார்த்துக்கொள்ளும். ஆனால் சேற்றில் வெட்டிய வாய்க்காலோடு தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொள்ள யாரும் விரும்புவதில்லை. கன்றோடு எடுத்துக்கொள்ளலாம்.

வைகாசியில் பாதி கருகியது. ஐப்பசி மழையில் மீதி போயிற்று. நண்டு பொறுக்க வரும் அக்காமார் காலில் குத்துகிறதென்று, நின்றிருந்த மூங்கில் குச்சிகளைப் பிடுங்கி அடுப்புக்குக் கொண்டு போனார்கள். அவர்களிடம் யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு விசாரிப்பும் வரவில்லை. எத்தனை பிழைத்தது என்று ஒரு மின்னஞ்சல்கூட இல்லை. படங்கள் அவர்களுடைய ஆண்டறிக்கையில் ஏறிவிட்டன, அத்தோடு கணக்கு முடிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அண்ணன் மட்டும் அதற்குப் பிறகு என்னை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

சின்னப் பணத்தின் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான். பட்டுக்கோட்டையில் ஒரு நகைக்கடைக்காரர். கடல் பசு என்றதும் நிமிர்ந்தார். "பசுவா? கடல்ல கோசாலை மாதிரி வச்சிருக்கீங்களா?" இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். பசு என்ற சொல்லுக்கு மேல் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மஞ்சள் பையிலிருந்து 10,001 ரூபாய் எடுத்து வைத்தார். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 80ஜி வரிச்சலுகை கிடைக்காது, காசோலை கொடுங்கள் என்றேன். "மாட்டுக்குக் குடுக்குறதுக்கு வரி எதுக்கு?" என்றார்.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவர் மாதாமாதம் அனுப்புவதாகச் சொன்னார். அவர் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவர். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் சொந்தப் பணத்தை வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். குடியுரிமை மாறினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வேண்டும். எங்களுக்கு இரண்டும் இல்லை. "எங்க அப்பா இந்தக் கடல்லதான் மீன் புடிச்சாரு, நான் வெளிநாடாப் போயிட்டேனா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

இப்படி நூறும் ஆயிரமுமாய்ச் சேர்ந்ததை வைத்து வலைக்கு ஒரு நிதி தொடங்கினோம். செவுள் வலையில் ஆவுளியா சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்துப்போகும். வலையை அறுத்தால் பிழைக்கும். வனத்துறை வெகுமதி தருகிறது, அது வேறு கணக்கு. அறுத்தவருக்கு மறுநாள் விடியலில் வலை வேண்டுமே! அந்த வலைக்கான பணத்தை அன்றைக்கே கையில் கொடுப்பதுதான் எங்கள் நிதி. இதை எந்தக் கம்பெனிப் படிவத்திலும் எழுத முடியவில்லை. "இலக்கு" என்ற கட்டத்தில் எத்தனை வலை அறுபடும் என்று போடுவது? பூஜ்யம் போட்டால் நல்ல செய்தி, ஆனால் திட்டம் தள்ளுபடி.

முதல் அழைப்பு ஒரு தை மாத இரவில் வந்தது. "அறுத்து விட்டுட்டேன், குட்டியும் கூட இருந்துச்சு" என்றார் ஒரு மீனவர். குரல் நடுங்கியது, குளிரா வேறெதுவுமா தெரியவில்லை. விடிவதற்குள் அண்ணனும் நானும் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் கிழிந்த வலையை மடியில் போட்டுக் கண்ணி எண்ணினார், நான் எழுதினேன். திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "தம்பிக்குச் சக்கரை கம்மி" என்று சொன்னார்.

போன ஆவணியில் அண்ணன் வீட்டு மொய் விருந்து. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு 5,000 ரூபாயோடு மேசைக்குப் போனேன். நோட்டு எழுதுகிற பையன் ஊரையும் பேரையும் கேட்டான். பந்தலுக்குள்ளிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "ஆவுளியா ஆபீசுன்னு போடுப்பா."

பையன் அப்படியே எழுதினான். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க எப்ப சார் விருந்து வைக்கிறீங்க?"