துணைக்கு இருப்பவர்கள்: மே மாத நாட்குறிப்பு

மே 5, திங்கள்

அக்னி நட்சத்திரம் நேற்றுத் தொடங்கியதாம். வேலூருக்கு அதெல்லாம் தனியாகச் சொல்லத் தேவையில்லை, சித்திரை பிறந்ததிலிருந்தே இதே வெயில்தான்.

பாகாயம் தாண்டி கணியம்பாடிப் பக்கம் ஒரு வீடு. பெரியவருக்குப் பக்கவாதம், வலது கையும் காலும் வராது. மனைவிதான் பார்த்துக்கொள்கிறார். என் முனைவர் பட்ட வேலைக்கு நான் பேச வேண்டியது அந்த அம்மாவிடம். நோயாளியோடு கூடவே இருப்பவரின் உடம்பும் மனசும் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. கையில், பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்கும் ஸாரிட் வினாத்தாள். 1980இல் ஸ்டீவன் ஸாரிட்டும் உடன் இருந்தவர்களும் 29 கேள்விகளோடு உருவாக்கியது, இப்போது பரவலாகப் புழங்குவது 22 கேள்வி உள்ள வடிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், கூட்டினால் அதிகபட்சம் 88.

கட்டிலை ஒட்டியே பாய் விரித்து உட்காரச் சொன்னார். "உங்களுக்குன்னு நேரமே இல்லாம போச்சுன்னு தோணுதாம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல நர்ஸம்மா."

"இவரைப் பாத்துக்கறதால உங்க உடம்பு கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறீங்களா?"

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா இப்டி கேக்கற? கட்டின புருசன் எனக்கு பாரமா?" என்றார் அந்த அம்மா. அப்புறம் வரிசையாகப் பூஜ்யம்தான். (நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். தோளில் பையும் கையில் கோப்பும் இருந்தால் இங்கே எல்லாரும் நர்ஸம்மாதான்.)

பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூடவே வந்தார். புளியமரத்தடியில் நின்றதுமே ஆரம்பித்துவிட்டார். படுக்கைப்புண் வராமல் இருக்க ராத்திரி எழுந்து எழுந்து திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இடுப்பு போய்விட்டது. பீடி சுற்றி நாளாகிவிட்டது, அந்தக் காசும் இல்லை. தனக்கும் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை தீர்ந்துபோய் வாங்கப் போக முடியவில்லை. "அவரு காதுல வுழுந்தா மனசு ஒடஞ்சிடும்மா, அதான் உள்ள சொல்லல."

பஸ்ஸில் உட்கார்ந்து தாளைப் புரட்டினேன். அதன்படி இந்த அம்மாவுக்கு ஒரு குறையும் கிடையாது.

மே 7, புதன்

இன்று போன வீடுகளிலும் அதே கதைதான். கட்டில் இருக்கும் அறையில் ஒரு பதில், குழாயடியில் இன்னொரு பதில். ஓரிடத்தில் மாமியார் மருமகள் சார்பில் தானே பதில் சொன்னார். மருமகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மே 9, வெள்ளி

வெயிலுக்குப் பயந்து வீட்டோடு இருந்து பழைய கட்டுரைகளைத் திரும்பப் படித்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 1995இல் ஒஹையோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு செய்தது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயதுக்கு அப்படிப் பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லார் கையிலும் 3.5 மில்லிமீட்டரில் சின்னதாக ஒரே மாதிரிக் காயம் செய்து, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாள், பார்த்துக்கொள்பவர்களுக்கு 48க்கும் மேல். வாய் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லலாம், தோலுக்கு மரியாதைக்காகப் பொய் சொல்லத் தெரியாது.

1999இல் ஷூல்ஸும் பீச்சும் வெளியிட்டது இன்னும் கடுமை. கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு, அதனால் அழுத்தத்திலும் இருந்த முதியவர்கள் நான்கு ஆண்டுக்குள் இறக்கும் அபாயம் 63 சதவீதம் அதிகம். இதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2013இல் ராத் குழுவின் பெரிய ஆய்வில், குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இறப்பு அபாயம் 18 சதவீதம் குறைவு என்று வந்ததைப் பலர் சொல்வதே இல்லை. என் பார்வையில் இரண்டும் மோதவில்லை. முதல் ஆய்விலேயே, பார்த்துக்கொண்டும் அழுத்தம் இல்லை என்றவர்களிடம் அந்தக் கூடுதல் அபாயம் தெரியவில்லை. ஆளைக் கரைப்பது மூச்சு விட இடமில்லாத நிலைமை. ஒத்தாசைக்கு இன்னொரு கை உள்ள வீட்டுக் கதை வேறு.

மே 10, சனி

சிஎம்சி ஆஸ்பத்திரிப் பக்கம் காந்தி ரோடு. வெளியூர் நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் தங்கும் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள எழுத்தில். சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு. மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து தம்பியைக் கூட்டிவந்த அண்ணன் ஒருவரிடம் என் அரைகுறை இந்தியில் பேசினேன். ஓட்டிக்கொண்டிருந்த டோட்டோ வண்டியை (பேட்டரி ரிக்‌ஷா) அடகு வைத்துவிட்டு வந்திருக்கிறார். தம்பிக்கு மீன் வைத்துக் கொடுக்கிறார், தம்பிக்கு வாயில் இறங்கவில்லை, வீணாகக் கூடாதென்று அதையும் இவரே சாப்பிட்டும் ஆள் இளைத்துத்தான் போயிருக்கிறார்.

இந்த ஊருக்கு இது புதிய விஷயமும் இல்லை. பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் 1950களிலேயே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்தார். துணைக்கு வருபவரும் சிகிச்சையில் ஒரு பங்கு என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அந்த ஆள் எங்கே தூங்குவார், என்ன சாப்பிடுவார் என்பதை அவரவர் பாட்டுக்கு விட்டுவிட்டோம்.

மே 15, வியாழன்

வைகாசி 1, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில். பாட்டிக்கு மறதி முற்றியபின் அம்மா இதற்குப் போனதே இல்லை. "நான் பாட்டிகிட்ட இருக்கேன், நீ போய்ட்டு வா"ன்னு சொன்னேன். உடனே கிளம்பவில்லை. பாட்டிக்குக் கஞ்சி எந்தக் கிண்ணத்தில், எந்தப் பக்கம் தலையணை, அழுதால் என்ன சொல்வது என்று ஒரு பாடமே நடத்தினாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் சொன்னாள்.

பாட்டி என்னை "யாருடி நீ" என்று கேட்டபடியே இருந்தாள். கேட்ட ஒவ்வொரு முறையும் அறிமுகம் செய்துகொண்டேன். மத்தியானத்துக்குள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இதை அம்மா தினமும் செய்கிறாள்.

சாயங்காலம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள். வழியில் யார் யாரைப் பார்த்தாள், யார் பெண்ணுக்கு வரன் அமைந்தது, ஒன்று விடாமல் ராத்திரி வரை பேச்சு. "உங்கள் உடல்நலத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று துண்டுப்பிரசுரம் அடிப்பவர்கள், பதிலுக்கு வீட்டில் உட்கார ஓர் ஆளையும் அனுப்பட்டும், அப்புறம் பேசலாம்.

மே 19, திங்கள்

வினாத்தாளின் கடைசியில் நானாக ஒரு கேள்வி சேர்த்தேன். யோசனை என்னுடையதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் சூசன் ஃபோக்மன், எய்ட்ஸ் வந்த துணைவரைப் பார்த்துக்கொள்ளும் ஆண்களிடம் கஷ்டத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். தொடக்கத்திலேயே சிலர் குறை சொல்லியிருக்கிறார்கள், நல்லது நடந்ததைப் பற்றி ஏன் கேட்பதில்லை என்று. அதையும் சேர்த்துக் கேட்டபோது ஏறக்குறைய எல்லாரிடமும் சொல்ல ஏதோ இருந்தது. துக்கமும் சந்தோஷமும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருக்கும் என்று 1997இல் எழுதினார்.

"சமீபத்துல மனசுக்கு நல்லா இருந்தது எதுன்னா உண்டா?" இதற்குக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வாய்விட்டுப் பதில் வருகிறது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், "முள்ளுக் கத்திரிக்காய் கொழம்பு வச்சேன், நல்லாகீதுன்னா" என்றார். நல்லாயிருக்கு என்று சொன்னது, நாலைந்து மாதமாக ருசியே தெரியவில்லை என்றிருந்த அவர் மனைவி. படுத்திருந்த அந்த அம்மா, "உப்பு கம்மி" என்றார். இருவரும் சிரித்தார்கள். இந்த வீட்டில் கடினமான கேள்விகளுக்கும் பூஜ்யம் வரவில்லை.

மே 22, வியாழன்

கணியம்பாடி வீட்டுக்கு மறுபடியும். மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், மாத்திரை வீட்டுக்கே வருகிறது. முடித்துவிட்டுக் கிளம்பியவரிடம், "அம்மாவுக்கும் ஒருவாட்டி பாத்துடுங்க" என்றேன். 160ஐத் தாண்டியது. சர்க்கரை விவரத்தையும் சொல்லவைத்து, பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் பிறரைப் பார்த்துக்கொள்வதில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 134 நிமிடம், ஆண்கள் 76. ராத்திரி அரைத்தூக்கத்தில் காதைத் தீட்டிவைத்துக்கொண்டு படுத்திருப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

மே 24, சனி

வழிகாட்டிப் பேராசிரியரிடம் பேசினேன். இனி ஒரு வீட்டுக்கு இருவராகப் போவதாகத் திட்டம். ஜூனியர் பெண் நோயாளியோடு உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள், நான் துணைக்கு இருப்பவரைக் கொல்லைக்கோ திண்ணைக்கோ அழைத்துப்போய்க் கேட்பேன். முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் அவள் அங்கேயே இருப்பாள், அந்த நேரத்தை அவர்கள் எப்படியும் செலவழித்துக்கொள்ளலாம். பழைய பதில்களை அழிக்காமல் "நோயாளி எதிரில்" என்று குறித்துத் தனியாக வைக்கச் சொன்னார். சரி என்றேன். ஜூனியருக்குப் பஸ் காசு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. திங்கட்கிழமை கணக்குப் பிரிவில் கேட்க வேண்டும்.