ஒரே செல்லுக்குள் இரண்டு வம்சாவளிகள்

பாக்டீரியாக்களின் உறவுமுறையை அறிய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் நாடுவது, செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் ஓர் அங்கமான 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் மரபணுவைத்தான். 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பாக்டீரியாக்களிலிருந்து வேறான ஆர்க்கியா என்னும் தனி நுண்ணுயிர்ப் பிரிவை அடையாளம் கண்டதும் இவ்வகை ஆர்.என்.ஏ.க்களை ஒப்பிட்டுத்தான். பல புரதங்களோடு பிணைந்து இயங்கும் இம்மூலக்கூற்றின் மரபணு, மருந்து எதிர்ப்பு மரபணுக்களைப்போல் ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்கு எளிதில் தாவாது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை அசைத்தது 1999இல் வெளியான ஓர் ஆய்வு. ஈ.கோலை பாக்டீரியாவின் குரோமோசோமில் இம்மரபணு அடங்கிய தொகுதி ஏழு படிகளாக (நகல்களாக) உள்ளது. அந்த ஏழையும் செயலிழக்கச் செய்து, சால்மொனெல்லாவின் தொகுதியையோ, இன்னும் தொலைவான உறவான புரோட்டியஸின் தொகுதியையோ பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு டி.என்.ஏ.) வழியே கொடுத்தபோதும் செல்கள் உயிர்வாழ்ந்தன. இதை முதன்முதலாகப் படித்த அன்று நான் அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

இயற்கையிலும் இதற்குச் சான்று உண்டு. தெர்மோபைஸ்போரா பைஸ்போரா என்னும் வெப்பம் விரும்பும் பாக்டீரியாவின் ஒரே செல்லில், ஏறத்தாழ 6.4 சதவீதம் வேறுபடும் இரு வகை 16எஸ் மரபணுக்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று வேறோர் இனத்திலிருந்து வந்திருக்கலாம். 97 சதவீத ஒற்றுமையைச் சிற்றின எல்லையாகக் கொள்ளும் வழக்கப்படி எண்ணினால், இந்த ஒற்றை உயிரி இரண்டு சிற்றினங்களாகிவிடும். ஆகவே இம்மரபணுவைக் கொண்டு தயாரிக்கப்படும் மண் மாதிரிகளின் பாக்டீரியப் பட்டியல்களைப் படிக்கும்போது, ஒரே செல்லின் படிகளுக்கிடையேயான வேறுபாட்டைக் கணக்கில் கொண்டார்களா என்பதையே முதலில் தேடுகிறேன்.