குழாயடியில் ஒரு வெள்ளை வளையம்

வீட்டைக் காலி செய்ய இன்னும் 2 நாள். குளியலறைக் குழாயடியில் வெள்ளையாக ஒரு வளையம். எனக்கு முன்னால் குடியிருந்தவர்கள் காலத்திலிருந்தே இருக்கிறது.

அரை மணி நேரம் கம்பி நாரால் தேய்த்தேன். கறை போகவில்லை, கீறல்தான் விழுந்தது.

அப்புறம் பழைய துணியை வினிகரில் நனைத்துச் சுற்றிவிட்டு வேறு வேலை பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால், ஈரச் சுண்ணாம்பு மாதிரி விரலோடு வந்துவிட்டது.

உப்புத் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்பை அமிலம் கரைத்துவிடுகிறது, அவ்வளவுதான். பளிங்குக் கல்லில் மட்டும் வைக்காதீர்கள், அதையும் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

அலமாரியில் 5 பாட்டில் கிளீனர், எல்லாம் பாதி பாதி.

சரி, அந்தக் கீறலுக்கு அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்களோ!